ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த கிராமப்புறத்தில் சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையைக் கட்டிக்கொண்டு பல நாள் சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள், பாதையில் ஏரியும் குன்றும் மாறி மாறி வருகிறது என்று தெரிந்ததும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கொடுத்திருக்கிறேன். தொடக்கத்தில் இருப்பவை புதியவர்களுக்கு. போகப்போகக் கொஞ்சம் நுணுக்கமானவை வரும்.

சமதளத்தில் ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுவேன். அங்கேயும் அதையே வைத்துக்கொள்ளலாமா?

முதல் இரண்டு மூன்று நாள்களுக்கு வேண்டாம். சுமையோடு என்றால் 40, 50 கிலோமீட்டரில் தொடங்குங்கள். இந்த மாதிரி நிலத்தில் தூரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும். முதலில் பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம். அன்றைக்கு ஏறப்போகும் சின்னதும் பெரியதுமான எல்லா மேடுகளின் உயரத்தையும் கூட்டினால் வருவது அது. பத்து கிலோமீட்டருக்கு 100 மீட்டர் ஏற்றம் என்றாலே மேடான பாதை. 200ஐ நெருங்கினால் கால்கள் கெஞ்சும்.

நேரத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. சமதளத்தில் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்டுங்கள். 60 கிலோமீட்டர் தூரம், 800 மீட்டர் ஏற்றம் என்றால் நான்கு மணி நேரத்தோடு 80 நிமிடம் சேர்ந்து ஐந்து மணி 20 நிமிடம். இது மிதிக்கும் நேரம் மட்டும்தான். சாப்பாடு, ஓய்வு, ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் தனி. அப்படி நிற்கத்தானே போகிறோம், அதற்கும் தாராளமாக நேரம் வையுங்கள்.

ஏறும்போது போன நேரம் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடாதா?

கிடைக்காது. ஐந்து கிலோமீட்டர் மேட்டை மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் 43 நிமிடம். அதே ஐந்து கிலோமீட்டரை 35 வேகத்தில் இறங்கினால் 9 நிமிடம். ஆக, பத்து கிலோமீட்டருக்கு 52 நிமிடம். சராசரி மணிக்கு 12 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. இறக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து 50 வேகத்தில் வந்தாலும் மிச்சமாவது மூன்று நிமிடம்தான். அந்த மூன்று நிமிடத்துக்காக யாரும் வேகமாக இறங்க வேண்டாம்.

ஏரிக்கரைச் சாலை தண்ணீர் மட்டத்திலேயே போகும். அப்போது அது சமமாகத்தானே இருக்கும்?

ஏரியைப் பொறுத்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டுக்கொண்டிருக்கும் கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுற்றி சுமார் 260 கிலோமீட்டர் சைக்கிள் பாதை உண்டு. அதில் பெரும்பகுதி மென்மையான பாதை, குடும்பத்தோடு போகிறவர்கள் அதிகம். பனியாறு குடைந்த நீளமான, குறுகிய ஏரிகள் அப்படி இருப்பதில்லை. இரண்டு பக்கமும் மலைச்சரிவு நேராகத் தண்ணீரில் இறங்கும். பாறை கரையை முட்டும் இடங்களில் சாலை அதன்மேல் ஏறிப் போகும், இல்லாவிட்டால் உள்ளே குடைந்து போகும். முப்பது மீட்டர் ஏறுவதும் இறங்குவதும் ஒரு நாளில் இருபது தடவை வந்தால் 600 மீட்டர் ஏற்றம். ஒரு நடுத்தரக் கணவாய்க்குச் சமம், ஆனால் கணவாய் ஏறிய பெருமை மட்டும் கிடைக்காது.

அணை கட்டித் தேக்கிய ஏரிகளில் இன்னொரு விஷயம் உண்டு. மூழ்கியது பள்ளத்தாக்கு என்பதால் கரை விரல் விரலாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு விரலுக்குள்ளும் சாலை நுழைந்து, ஓடையருகே இறங்கி, மறுபக்கம் மேடேறி வெளியே வரும். எதிர்க்கரை கண்ணுக்கு எதிரே ஒரு கிலோமீட்டரில் தெரியும், போய்ச் சேர எட்டு கிலோமீட்டர் ஆகும். சமமான இடம் வேண்டுமென்றால் ஆறு வந்து ஏரியில் கலக்கும் முனையைத் தேடுங்கள். வண்டல் படிந்து அங்கே நிலம் தட்டையாக இருக்கும்.

வரைபடத்தை வைத்தே எவ்வளவு செங்குத்து என்று சொல்ல முடியுமா?

முடியும், சம உயரக் கோடுகள் போட்ட வரைபடம் இருந்தால் போதும். 1:50,000 அளவில் ஒரு சென்டிமீட்டர் என்பது 500 மீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். சாலை இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் நான்கு கோடுகளைக் கடந்தால், ஒரு கிலோமீட்டரில் 80 மீட்டர் ஏற்றம். அதாவது 8 சதவீதம். கோடுகளை ஒட்டியே ஓடும் சாலை சுலபம். கோடுகளை வெட்டிக்கொண்டு ஓடும் சாலை சிரமம். ஏணிப்படி மாதிரி நெருக்கமாக வெட்டினால் அன்றைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள்.

சுமையோடு போகிறவருக்கு 3 சதவீதம் பேசிக்கொண்டே ஏறக்கூடியது. 6 என்றால் சின்ன கியர். 10 நீண்ட நேரம் தாங்காது. 15க்கு மேல் பெரும்பாலோர் இறங்கித் தள்ளுவார்கள். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் உள்ள ஹார்ட்நாட் கணவாயில் சில இடங்கள் 33 சதவீதம். அதன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கீழேதான் இருக்கிறது. குன்றின் உயரத்தைக் கேட்டு ‘சின்னதுதானே’ என்று நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். சாலை எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு, எவ்வளவு தூரத்துக்குள் அந்த உயரத்தை எட்டுகிறது என்றும் பாருங்கள்.

என் சைக்கிளில் இருக்கிற கியர் போதுமா?

பற்களை எண்ணிப் பாருங்கள். முன்னால் உள்ள மிகச் சிறிய செயின் வீலின் பல் எண்ணிக்கையைப் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் எண்ணிக்கையால் வகுங்கள். சுமையோடு குன்றேற விடை ஒன்றுக்குக் கீழே வர வேண்டும். 0.7, 0.8 என்று வந்தால் நிம்மதி. ஒன்றுக்கு மேல் என்றால் முட்டி வலிக்கும்.

ஏன் இவ்வளவு சின்ன கியர்? ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைப்போம். பயிற்சி உள்ள சாதாரண ஆள் மணிக்கணக்காகக் கொடுக்கக்கூடிய சக்தி சுமார் 100 வாட். அந்தச் சக்தியில் 5 சதவீத மேட்டை மணிக்கு ஆறரை கிலோமீட்டரில்தான் ஏற முடியும், 8 சதவீதம் என்றால் நாலேகால். அவ்வளவு மெதுவாகப் போகும்போதும் நிமிடத்துக்கு ஐம்பது அறுபது சுற்றாவது கால்கள் சுற்ற வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு மிதியும் பாரம் தூக்குவதுபோல் ஆகிவிடும். 26 பல் செயின் வீலும் 36 பல் பின்சக்கரமும் இருந்தால், பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் ஒன்றரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 50 சுற்றில் அது மணிக்கு நாலரை கிலோமீட்டர். நம் தேவைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

சின்ன கியர் வைப்பது பலவீனம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். பிரான்சில் வேலோசியோ என்ற பெயரில் எழுதிய பால் டி விவி (1853–1930) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பல கியர்களுக்காக வாதாடினார், மலைப்பாதையில் தானே ஓட்டியும் காட்டினார். ஆனாலும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் கருவியை 1937இல்தான் அனுமதித்தார்கள். அவர் சொன்னதை ஏற்க அத்தனை காலம் ஆனது. நாம் அந்தப் பிடிவாதத்தைத் தொடர வேண்டிய அவசியமில்லை.

மேட்டில் இறங்கித் தள்ளினால் கேவலமா?

துளியும் இல்லை. வேகம் மணிக்கு நாலு கிலோமீட்டருக்குக் கீழே போய்விட்டால் நடப்பதும் ஓட்டுவதும் ஒன்றுதான். நடக்கும்போது வேறு தசைகள் வேலை செய்வதால் தொடைக்கு ஓய்வும் கிடைக்கும். ஒரே நிபந்தனை, நடக்கத் தோதான அடிப்பாகம் உள்ள காலணி போடுங்கள்.

ஏரியை எந்தத் திசையில் சுற்றுவது?

ஏரி உங்கள் ஓரப்பக்கம் இருக்கிற மாதிரி சுற்றுங்கள். சாலையின் இடதுபக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத்துக்கு எதிர்த்திசை, வலதுபக்கம் ஓட்டும் நாடுகளில் கடிகாரத் திசை. காட்சிக்கும் உங்களுக்கும் நடுவே வாகனங்கள் வராது, கரையில் நிற்கச் சாலையைக் குறுக்கே கடக்கவும் வேண்டாம். இடதுபக்கம் ஓட்டும் ஜப்பானில் பிவா ஏரியைச் சுற்றும் சுமார் 200 கிலோமீட்டர் பாதையில் இதனால்தான் கடிகாரத்துக்கு எதிர்த்திசையைப் பரிந்துரைக்கிறார்கள்.

கணவாய் ஒன்றைக் கடப்பதானால் திசையை வேறு விதமாக முடிவு செய்யுங்கள். இரண்டு பக்கச் சரிவையும் வரைபடத்தில் அளந்து, நீளமான மென்மையான பக்கம் ஏறி, குட்டையான செங்குத்துப் பக்கம் இறங்குவது சுமை உள்ளவருக்கு நல்லது. ஆனால் அதற்குப் பிரேக் நன்றாக இருக்க வேண்டும், சாலை காய்ந்திருக்க வேண்டும். மழை நாளில் நான் இதை மாற்றிக்கொள்ளச் சொல்வேன்.

எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்று எதிரேதான் அடிக்கிறது. இது பிரமையா?

பாதி உண்மை. நீங்கள் நகர்வதாலேயே எதிரே காற்று உண்டாகிறது. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும்போது எதிரேயும் 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், அதன் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. லேசான எதிர்காற்றே உடம்பை உறிஞ்சிவிடுவது இதனால்தான்.

மறுபாதி ஏரியின் வேலை. வெயில் ஏறும்போது நிலம் தண்ணீரைவிட வேகமாகச் சூடாகும். நிலத்தின் மேல் உள்ள காற்று மேலெழ, ஏரியிலிருந்து கரையை நோக்கிக் காற்று வரும். இரவில் இது திரும்பும். பள்ளத்தாக்கிலும் இப்படித்தான், பகலில் காற்று மேல்நோக்கியும் இரவில் கீழ்நோக்கியும் ஓடும். இத்தாலியின் கார்டா ஏரியில் இது கடிகாரம் வைத்த மாதிரி நடக்கும். காலையில் வடக்கிலிருந்து பெலேர், பிற்பகலில் தெற்கிலிருந்து ஓரா என்று அங்கே காற்றுகளுக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். பாய்மரப் படகு ஓட்டுபவர்கள் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள். சைக்கிளுக்கும் அதே பாடம்: மறைவில்லாத திறந்த கரையைக் காலையில் முடித்துவிடுங்கள். பிற்பகலில் பள்ளத்தாக்குக்குள் மேல்நோக்கிப் போவதாக வைத்தால் காற்று முதுகில் தள்ளும். அப்புறம், நிலம் ஏரிக்குள் மூக்கு நீட்டியிருக்கும் முனைகளில் திரும்பும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடியுங்கள், பக்கக் காற்று திடீரென்று அடிக்கும்.

எவ்வளவு சுமை ஏற்றலாம்?

அறையில் தங்குவதானால் 7, 8 கிலோவுக்குள், கூடாரம் போடுவதானால் 15க்குள் வைக்கப் பாருங்கள். மொத்தம் 100 கிலோவாக இருக்கும்போது 5 கிலோ கூடினால், ஏறும் நேரம் கிட்டத்தட்ட 5 சதவீதம் கூடும். கேட்க அற்பமாக இருக்கும். தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஏறுகிறவருக்கு அது அற்பம் இல்லை. கனமான சாமான் கீழே, இரண்டு பக்கமும் சமமாக, கேரியரோடு ஆடாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் பின்னால் ஏற்றினால் செங்குத்து மேட்டில் முன்சக்கரம் லேசாகத் தூக்கிக்கொள்ளும், அதனால் கொஞ்சம் முன்னாலும் கட்டுங்கள்.

சுற்றிலும் ஏரி. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?

அப்படியே குடிக்கக் கூடாது. தெளிந்த தண்ணீரிலும் கிருமிகள் இருக்கலாம். தளதளவென்று கொதி வந்த பின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம், கொதிக்க வைத்துக் குடிக்கலாம். உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால்தான் அந்தக் கூடுதல் நேரம்.

ஆனால் வெயில் காலத்தில் ஏரியின் மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டியதுபோல் படலம் தெரிந்தால் அந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். அது நீலப்பச்சைப் பாசி. அதன் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. குளிக்கவும் கூடாது. நாய், மாடு அதைக் குடித்துச் செத்திருக்கின்றன.

இறக்கத்தில் பயமாக இருக்கிறது. பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கலாமா?

பயப்படுவது நியாயம்தான், பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் தவறு. 100 கிலோவை 300 மீட்டர் கீழே கொண்டுவரும்போது வெளியாகும் ஆற்றல், ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 90 டிகிரி வரை சூடாக்கப் போதும். வேகமாகப் போனால் அதில் பெரும்பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வந்தால் அத்தனையும் பிரேக்கில் போய்ச் சேரும். ரிம் பிரேக்கில் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். ஆயில் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்து, நெம்புகோல் பிடிமானமில்லாமல் உள்ளே போய்விடலாம்.

அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டுவிடுங்கள். பிறகு மீண்டும் பிடியுங்கள். முன், பின் இரண்டையும் பயன்படுத்துங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் நுழைந்த பின் பிடித்தால் சக்கரம் வழுக்கும். பயம் அதிகமானால் பாதியில் நின்று பிரேக்கை ஆறவிடுங்கள், ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் பொசுங்கும். கிளம்பும் முன் பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரிம் பிரேக் என்றால் மழையில் முதல் சில சுற்றுகள் ரிம்மில் உள்ள தண்ணீரை வழிக்கவே போகும் என்பதால், வழக்கத்தைவிடச் சீக்கிரம் பிடியுங்கள்.

மேலே ஏறும்போது வியர்க்கிறது, இறங்கும்போது நடுங்குகிறது. என்ன செய்வது?

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதோடு ஈரச் சட்டையும் இறக்கத்தின் காற்றும் சேர்ந்தால் குளிரும். காற்று புகாத மெல்லிய மேலாடையை உச்சியிலேயே, குளிர ஆரம்பிக்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது, எனவே கையுறை அவசியம்.

கூடாரத்தை ஏரிக்கரையிலேயே போடலாமா? அழகாக இருக்குமே.

முதலில் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று கேளுங்கள். இருந்தாலும் தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். கரைச்செடிகளும் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளும் நம் காலடியில் நசுங்க வேண்டியதில்லை. சோப்புத் தண்ணீரும் அதே தூரத்தில் மண்ணில்தான் போக வேண்டும், மக்கும் சோப்பாக இருந்தாலும்.

உங்களுக்கும் அதில் லாபம் உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். கரையோரம் கூடாரம் பனியில் நனைந்து, காலையில் மூடுபனிக்குள் கண் விழிப்பீர்கள். பத்து இருபது மீட்டர் மேலே ஏறிப் போட்டால் துணி காய்ந்திருக்கும், ஏரியும் முழுதாகத் தெரியும்.

பாதையில் படகுத்துறையும் சுரங்கச் சாலையும் வருகின்றன. எப்படிக் கையாள்வது?

படகு இந்தப் பகுதிகளின் வரம். மேலே சொன்ன விரல் விரலான கரையில் அரை நாளை மிச்சப்படுத்தும். ஆனால் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். கடைசிப் படகுக்கு முந்தியதைக் குறி வையுங்கள், சைக்கிள் ஏற்றுவார்களா என்றும் முன்பே கேளுங்கள்.

சுரங்கச் சாலையைப் பொறுத்தவரை சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். தடை என்றால் பெரும்பாலும் கரையை ஒட்டிப் பழைய சாலை ஒன்று இருக்கும், அதுதான் அழகாகவும் இருக்கும். நுழையும் முன் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, இரண்டு விளக்கையும் போட்டுவிட்டுப் போங்கள்.

பாதை திட்டமிடும் ஆப் 900 மீட்டர் ஏற்றம் என்றது, ஓட்டி முடித்ததும் சைக்கிளில் மாட்டிய மீட்டர் 600 காட்டியது. எதை நம்புவது?

ஏரிக்கரைச் சாலை என்றால் மீட்டரை நம்புங்கள். காற்றழுத்தம் வைத்து உயரம் அளக்கும் கருவியாக இருந்தால் இன்னும் நல்லது. ஆப் நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்த தரவிலிருந்து எடுக்கிறது. அப்படிப் பரவலாகப் பயன்படும் ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அதன் கட்டம் ஏறக்குறைய 30 மீட்டர். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் செங்குத்துப் பாறை, நடுவே சாலை என்றால் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். சாலை சமமாகவே இருந்தாலும், கட்டத்துக்குக் கட்டம் ஏறி இறங்குவதாக ஆப் கூட்டிக்கொண்டே போகும். சுரங்கச் சாலை என்றால் மலைமேல் ஏறி இறங்கியதாகக் கணக்கு வரும், பாலம் என்றால் பள்ளத்தில் இறங்கியதாக.

திட்டமிடும்போது உயர வரைகோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஊசி ஊசியாகத் திடீர் முகடுகள் இருந்தால் பெரும்பாலும் பொய். அந்த இடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அகலமாக, நிதானமாக எழும் முகடு உண்மையான மேடு.

நாள்களை எப்படிப் பிரிப்பது? நடுவில் முடியாமல் போனால்?

கணவாயின் அடிவாரத்தில் தங்கி, காலையில் ஏறுங்கள். கால் புதிதாக இருக்கும், வெயில் இருக்காது, காற்றுக் கேள்வியில் சொன்ன பிற்பகல் காற்றும் கிளம்பியிருக்காது. மாலையில் ஏறி உச்சியில் மாட்டிக்கொண்டால் இருட்டில், குளிரில் இறங்க வேண்டிவரும். கடினமான இரண்டு நாள்களை அடுத்தடுத்து வைக்காமல், நடுவே ஏரிக்கரையோடு 30 கிலோமீட்டர் நாள் ஒன்றைப் போடுங்கள்.

நீளமான ஏரியில் ஒரு கரையைத் தேர்ந்துவிட்டால், அடுத்த பாலமோ படகுத்துறையோ வரும்வரை மாற்ற வழியில்லை. அதனால் கிளம்பும் முன்பே வரைபடத்தில் வெளியேறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பேருந்து, ரயில் நிற்கும் ஊர்கள், படகுத்துறைகள், குறுக்குச் சாலைகள். இரண்டு வெளியேறும் இடங்களுக்கு நடுவே, முதல் கேள்வியில் சொன்ன கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமானால், அந்தத் துண்டுக்குள் நுழையும் முன் நின்று சாப்பிட்டு, தண்ணீர் நிரப்பி, வானத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள்.